விளக்கமறியலில் இருக்கும் மகனுக்கு எழுதும் கடிதம் அவர் கைக்குப் போகுமா?

திருகோணமலை மாவட்டம், குச்சவெளிப் பக்கத்திலிருந்து ஒரு தாயார் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் வெளிப்படாதவாறு சுருக்கித் தருகிறேன். லொறியில் உதவியாளராக வேலை செய்த அவருடைய மகன், சில மாதங்களுக்கு முன் அநுராதபுர மாவட்டத்தில் வைத்துக் கைதாகி, அங்குள்ள நீதவானின் உத்தரவின்பேரில் அநுராதபுரம் சிறைச்சாலையில் விளக்கமறியலில் இருக்கிறார். ஹொரவப்பொத்தானை வழியாகப் பஸ்ஸில் போய் வர ஒரு நாள் முழுதும் வேண்டும். கூலி வேலை செய்யும் தாயாருக்கு மாதத்தில் ஒரு தடவைக்கு மேல் அது கட்டுப்படியாவதில்லை. போனாலும் பெரும் இரைச்சலுக்கு நடுவே சில நிமிடங்களே பேச முடிகிறது. ஆகவே சாதாரண தரம் படிக்கும் பேத்தியைக் கொண்டு கடிதங்கள் எழுதுவித்து அனுப்பியிருக்கிறார். உறையின் மேல் மகனை வீட்டில் கூப்பிடும் பெயரையும் “அநுராதபுரம் ஜெயில்” என்பதையும் மட்டும் எழுதியதாகச் சொல்கிறார். எதற்கும் பதில் இல்லை.

அக்கம்பக்கத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். தமிழ்க் கடிதங்களை அங்கே கிழித்துப் போட்டுவிடுவார்கள் என்கிறார் ஒருவர். பதிவுத் தபாலில் அனுப்பினால் யாரும் பிரிக்க முடியாது என்கிறார் இன்னொருவர். காவலர் ஒருவருக்குப் பணம் கொடுத்தால் கடிதம் நேரே கைக்குப் போகும் என்று ஒரு பையன் வந்து சொல்லியிருக்கிறான். அமெரிக்காவில் இருக்கும் உறவினரோ, கைதிக்கு இப்போதெல்லாம் கடிதத்தின் படத்தைத்தான் காட்டுவார்கள் என்று சொல்ல, மகனுடைய சிறு பிள்ளை வரைந்த படத்தை அனுப்புவதா விடுவதா என்று தாயார் குழம்பியிருக்கிறார். கடைசியாக, வழக்கில் சாட்சி சொல்லவிருக்கும் ஒருவரைப் பற்றி மகனுக்கு அவசரமாக எழுத வேண்டும் என்றும், அதை எப்படி அனுப்புவது என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள அம்மா,

உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்றவை காத்திருக்கலாம், இது காத்திருக்காது. சாட்சியைப் பற்றி மகனுக்கு ஒரு வரிகூட எழுத வேண்டாம். அவர் எங்கே இருக்கிறார், அவரோடு யார் பேசினார்கள், அவர் என்ன சொல்லப்போகிறார் என்பவை நீங்கள் நல்ல எண்ணத்தோடு எழுதுபவையாக இருக்கலாம். ஆனால் அந்தத் தாள் மகனிடம் போவதற்கு முன் வேறொருவர் கண்ணில் படும். அதைப் பொலிஸாருக்கு அனுப்புவதற்கு அவருக்குக் காரணம் கிடைத்துவிடும். சாட்சியை அச்சுறுத்துவதும் அவர் சொல்லப்போவதை மாற்றுவிக்க முயல்வதும், சாட்சிகளைப் பாதுகாப்பதற்கான 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தனிக் குற்றங்கள். அதற்கும் மேலாக, 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டம், சந்தேகநபர் சாட்சிகளிடம் தலையிடக்கூடும் என்று நீதிமன்றம் நம்புவதற்கு இடமிருந்தால் பிணையை மறுக்கலாம் என்கிறது. மகனை வெளியே கொண்டுவரும் விருப்பத்தோடு நீங்கள் எழுதும் கடிதமே அவரை உள்ளே வைத்திருப்பதற்கு ஆதாரமாகிவிடக்கூடும். சாட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டியது எதுவாயினும் அதை மகனுடைய சட்டத்தரணியிடம் நேரில் சொல்லுங்கள். அவர் மகனைச் சந்திக்கும்போது கேட்டுக்கொள்வார்.

சட்டத்தரணிக்கு அந்த வழி திறந்தே இருக்கிறது. 1877 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. தண்டனை பெறாதவர்கள் தாங்கள் தொடர்புகொள்ள விரும்பும் ஆட்களைத் தகுந்த நேரத்தில், தகுந்த கட்டுப்பாடுகளோடு சந்திப்பதற்கு ஏற்பாடு இருக்க வேண்டும் என்றும், வழக்கை எதிர்நோக்கியிருப்பவர் தமது சட்டத்தரணியை, நீதியின் நலனுக்கு இசைந்த அளவில், வேறெவரும் உடனிராமல் சந்திக்க இடமளிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. உங்கள் மகன் தண்டனை பெற்றவர் அல்லர் என்பதையும் மனதில் வைத்திருங்கள். உங்கள் கடிதத்தில் “தண்டனை அனுபவிக்கிறான்” என்று எழுதியிருக்கிறீர்கள். விளக்கமறியல் தண்டனை அன்று. குற்றம் நிரூபிக்கப்படும்வரை சட்டத்தின் முன் அவர் நிரபராதியே. சந்திப்பு, வீட்டுச் சாப்பாடு, உடை ஆகியவற்றில் தண்டனைக் கைதிக்கும் விளக்கமறியல் கைதிக்கும் விதிகள் வேறுபடுகின்றன. அங்குள்ள உத்தியோகத்தரிடம் பேசும்போது “விளக்கமறியலில் இருப்பவரின் தாய்” என்றே சொல்லுங்கள்.

பதில் வராததற்குக் காரணம்

கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள் என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். அப்படி எங்குமே நடக்காது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் விவரித்த உறையைப் பார்த்தால், அதைவிடச் சாதாரணமான காரணம் முன்னால் நிற்கிறது. சிறைச்சாலைப் பதிவேட்டில் உங்கள் மகன் இருப்பது தேசிய அடையாள அட்டையில் உள்ள பெயரில், அதாவது தகப்பனின் பெயரையோ அதன் முதலெழுத்தையோ முன்னால் கொண்ட நீண்ட பெயரில். நீங்கள் எழுதியதோ பிறந்த நாள் தொட்டு வீட்டில் கூப்பிடும் இரண்டெழுத்துப் பெயர். அந்தப் பெயரோடு வந்த உறையை வைத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கானவர்கள் இருக்கும் இடத்தில் எந்த உத்தியோகத்தரும் உங்கள் மகனைக் கண்டுபிடிக்க முடியாது. நம் பகுதியில் ஏறக்குறைய எல்லாருக்கும் இரண்டு பெயர் இருப்பதால், சிறைக்குப் போகும் கடிதங்களில் இந்தத் தவறு மிகவும் சாதாரணமாக நேர்கிறது.

உறையின் மேல் இப்படி எழுதுங்கள்: அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர், அதன்கீழ் சிறைச்சாலையில் அவருக்குக் கொடுத்த பதிவிலக்கம், அதன்கீழ் நீதிமன்றத்தின் பெயரும் வழக்கிலக்கமும், பின் “விளக்கமறியல் கைதி, அத்தியட்சகர் மேற்பார்வையில், சிறைச்சாலை, அநுராதபுரம் 50000”. பெயரையும் முகவரியையும் தமிழோடு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒருமுறை எழுதுங்கள். தபாற்கந்தோரில் கேட்டால் உதவுவார்கள், பேத்திக்கும் ஆங்கில எழுத்து தெரிந்திருக்கும். பதிவிலக்கத்தை அடுத்த முறை பார்க்கப் போகும்போது மகனிடமே கேட்டு ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். வழக்கிலக்கம் சட்டத்தரணியிடம் இருக்கும். உறையின் பின்பக்கத்தில் உங்கள் பெயர், முகவரி, “தாய்” என்ற உறவுமுறை ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். அனுப்புநர் யாரென்று தெரியாத கடிதத்தை ஒதுக்கி வைப்பதில் அவர்கள் தயங்குவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. கைதிகளை ஒரு சிறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது வழக்கம். கடிதம் வழியில் இருக்கையில் ஆள் வேறிடத்தில் இருப்பார். எழுதுவதற்கு முன் மகன் இன்னும் அநுராதபுரத்தில்தான் இருக்கிறாரா என்று தொலைபேசியில் சிறைச்சாலை அலுவலகத்திடமோ சட்டத்தரணியிடமோ உறுதி செய்துகொள்ளுங்கள். இதை வாசிக்கும் வேறு குடும்பங்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் தடுப்புக்காவல் உத்தரவில் உள்ளவர் சிறைச்சாலையில் அல்லாமல் பொலிஸ் பிரிவொன்றின் பொறுப்பில் இருக்கக்கூடும். அவருக்கான வழி வேறு என்பதால் முதலில் இடத்தை அறிந்துகொள்ளுங்கள்.

மகனே எழுதாமல் இருக்கவும் கூடும். தாளும் பேனையும் முத்திரையும் கைவசம் இல்லாமலிருப்பது ஒரு காரணம். வெட்கம் இன்னொரு காரணம். வழக்குக்காக என்னிடம் வந்த கட்சிக்காரர்களில் எத்தனையோ இளைஞர்கள் தாயின் கடிதத்தை வாங்கி, மடித்து, சட்டைப் பையிலேயே வைத்திருந்துவிட்டு, என்ன எழுதுவதென்று தெரியாமல் பதில் போடாமலே இருந்திருக்கிறார்கள். அடுத்த சந்திப்பில் “ஏன் எழுதவில்லை” என்று கேட்காமல், “கடிதம் கிடைத்ததா” என்று மட்டும் கேளுங்கள். வேண்டிய தகவல் அதில் கிடைத்துவிடும்.

பிரித்துப் படிக்கிறார்களே, அது சரியா?

உங்களுக்கு இது மனவருத்தம் தருவதை விளங்கிக்கொள்கிறேன். ஆனாலும் சட்டம் அதை அனுமதிக்கிறது. சிறைக்குள் போகும் கடிதத்தையும் அங்கிருந்து வெளியே வரும் கடிதத்தையும் அத்தியட்சகரோ அவர் பொறுப்பளித்த உத்தியோகத்தரோ பிரித்துப் பார்க்கலாம். 2015 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 58 ஆவது விதி, கைதிகள் குடும்பத்தோடும் நண்பர்களோடும் ஒழுங்கான இடைவெளிகளில் கடிதம் மூலமும் நேர்ச்சந்திப்பு மூலமும் தொடர்புகொள்ள இடமளிக்க வேண்டும் என்கிறது. “தேவையான மேற்பார்வையின் கீழ்” என்ற நிபந்தனையும் அதே விதியில் இருக்கிறது. ஆகவே கடிதத்தைப் பிரிப்பது மாத்திரமே உரிமை மீறல் ஆகாது. பிரித்துவிட்டுக் காரணமின்றிக் கொடுக்காமல் விடுவதும், மொழியின் காரணமாக ஒதுக்குவதும், அதில் உள்ளதைக் கொண்டு கைதியைக் கேலி செய்வதும் முறைப்பாட்டுக்குரியவை.

பதிவுத் தபாலைப் பற்றி உங்களுக்குச் சொல்லப்பட்டது தவறு. அதையும் அவர்கள் பிரிப்பார்கள். பதிவுத் தபால் உங்களுக்குத் தருவது ஒன்றே: இன்ன நாளில் இன்ன உறை சிறைச்சாலையில் ஒப்படைக்கப்பட்டது என்ற ஆதாரம். அதற்குப் பின் வாசலிலிருந்து மகனின் கைவரைக்கும் உள்ள தூரத்தைப் பற்றி அந்தப் பற்றுச்சீட்டு எதுவும் சொல்லாது. சாதாரணக் கடிதத்தின் முத்திரைச் செலவே 2022 ஆகஸ்டில் 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயாக உயர்ந்தது. பதிவுத் தபாலுக்கு இன்னும் கூடுதலாகும். உங்கள் வருமானத்தில் ஒவ்வொரு கடிதத்தையும் பதிவில் அனுப்பத் தேவையில்லை. சரியான முகவரியோடு முதலாவது கடிதத்தை மட்டும் பதிவில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பின்னர் முறைப்பாடு செய்ய நேர்ந்தால் அதுவே உங்கள் கையில் உள்ள முதலாவது ஆவணம். மற்றவற்றைச் சாதாரணத் தபாலில் போடலாம்.

தமிழில் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. தாய் மகனுக்குத் தமிழில் எழுதுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நடைமுறையில் உள்ள சிக்கல் என்னவென்றால், தமிழ் வாசிக்கத் தெரிந்த உத்தியோகத்தர் குறைவாக உள்ள இடத்தில், அவர் கடமைக்கு வரும்வரை தமிழ்க் கடிதம் மேசையில் கிடக்கும். இது நியாயமான நிலை அன்று. அரசகரும மொழிக்கொள்கை நாற்பது ஆண்டுகளை நெருங்கும் வேளையிலும் ஒரு தாயின் கடிதம் மொழிக்காகக் காத்துக்கிடப்பதை நான் வெறும் நிர்வாகக் குறையாகப் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் குறை தீரும்வரை உங்கள் கடிதம் போய்ச் சேர வேண்டும் அல்லவா? ஆகவே ஒரு கடிதம் இரண்டு பக்கத்துக்கு மேற்படாமல், தெளிவான கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கட்டும். சுருக்கெழுத்துகளும், வீட்டுக்குள் மட்டும் விளங்கும் மறைமொழிகளும் வேண்டாம். “அந்தச் சாமான் மாமாவிடம் இருக்கிறது” என்று நீங்கள் எழுதுவது தையல் இயந்திரத்தைப் பற்றியதாக இருக்கலாம். படிப்பவருக்கு அது வேறொன்றாகத் தோன்றும். தையல் இயந்திரம் என்றே எழுதிவிடுங்கள்.

பிள்ளை வரைந்த படத்தைப் பற்றி உங்கள் உறவினர் சொன்னது அவர் இருக்கும் நாட்டைப் பொறுத்தவரை உண்மைதான். பென்சில்வேனியா மாநிலச் சிறைகளில் 2018 முதல் தனிப்பட்ட கடிதங்கள் வேறொரு மாநிலத்தில் உள்ள தனியார் நிறுவனத்துக்குப் போய்ப் படியெடுக்கப்பட்டு, படி மட்டுமே கைதிக்குக் கொடுக்கப்படுகிறது. போதைப்பொருளைத் தாளில் ஊறவைத்து அனுப்புகிறார்கள் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இன்னும் சில இடங்களில் கையடக்கக் கணினியின் திரையில்தான் கடிதத்தைப் பார்க்க முடியும். இங்கே சோதனைக்குப் பின் தாள்தான் கைக்குப் போகிறது. படத்தை அனுப்புங்கள். ஒற்றைத் தாளில், பென்சிலாலோ சாதாரண வர்ணப் பென்சிலாலோ வரைந்ததாக இருக்கட்டும். ஒட்டுப்படம், மினுக்கம், பசை, பல மடிப்பு வைத்த வாழ்த்து அட்டை ஆகியவை வேண்டாம். ஒட்டிய இடத்துக்குள் எதையும் மறைக்கலாம் என்பதால் சோதிப்பவர் அதைக் கிழித்துப் பார்க்கவே செய்வார். பணத்தையும் உறைக்குள் வைக்காதீர்கள். மகனுடைய செலவுக்குப் பணம் கொடுப்பதானால், பார்க்கப் போகும் நாளில் அலுவலகத்தில் கேட்டு, அவர் பெயரில் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

காவலர் மூலம் அனுப்புவது

இந்த யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி இலஞ்சம் வாங்குபவர் மட்டுமல்ல, கொடுப்பவரும் குற்றவாளி. அனுமதியின்றிச் சிறைக்குள் ஒன்றைக் கொண்டுசெல்வதும் குற்றமே. பிடிபட்டால் அந்தப் பையன் தப்பிவிடுவான். கடிதம் மகனுடைய கையில் இருக்கும். உங்கள் பெயர் அதில் இருக்கும். பிடிபடாவிட்டாலும் ஒருமுறை பணம் வாங்கியவர் மறுமுறையும் கேட்பார், நீங்கள் மறுக்கும் நாளில் உள்ளே இருக்கும் மகன் அவருடைய தயவில் இருப்பார். யாராவது தொடர்ந்து உங்களிடம் பணம் கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

சரியான முகவரியிட்டும் கடிதம் சேராவிட்டால்

முதலில் அத்தியட்சகருக்கு மரியாதையான ஒரு கடிதம் எழுதுங்கள்: இன்ன திகதியில், இன்ன பதிவுத் தபால் இலக்கத்தில் அனுப்பிய கடிதம் என் மகனுக்குக் கிடைக்கவில்லை, அதன் நிலையை அறியத் தாருங்கள் என்று. இதைத் தமிழிலேயே எழுதலாம். அநுராதபுரம் சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதிதான். இருந்தாலும் அங்குள்ள உத்தியோகத்தரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் அவரிடமிருந்து தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டென்று அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை சொல்கிறது. அதே வேளையில் நேரில் போகும்போது நலன்புரி உத்தியோகத்தரைச் சந்தித்துக் கேளுங்கள்; எழுத்தில் போகும் முறைப்பாட்டைவிட அவரோடு ஐந்து நிமிடம் பேசுவது பல தடவை விரைவாகப் பலன் தருகிறது.

அதற்கும் பதில் இல்லையென்றால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு இருக்கிறது. திருகோணமலையில் அதன் பிராந்திய அலுவலகம் உள்ளது; 1996 என்ற இலக்கத்திலும் அழைக்கலாம். முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், கடிதங்களைக் கையாளும் நடைமுறை என்ன, தமிழ்க் கடிதங்களை யார் பரிசீலிக்கிறார் என்று கேட்டு விண்ணப்பிக்கவும் உங்களால் முடியும். 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் தம் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். ஒன்றை மறவாதீர்கள். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போவதானால், 126 ஆம் உறுப்புரையின்படி மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்தக் கணக்கில் சேராது. அதனால்தான் பற்றுச்சீட்டையும் திகதிகளையும் வைத்திருங்கள் என்கிறேன்.

முறையிட்டால் மகனைப் பழிவாங்குவார்களோ என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயத்தை நான் தள்ளிவிடமாட்டேன். நம் மாவட்டத்தில் அதற்கான நினைவுகள் இல்லாத குடும்பம் குறைவு. போர்க்காலத்தில் பிள்ளை இருக்கும் இடத்தை அறிய, 1989 முதல் இலங்கையில் பணியாற்றும் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் வாசலில் காத்திருந்தவர்கள் இன்றும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அதனால் குற்றம் சாட்டும் தொனியில் தொடங்காதீர்கள். முதலாவது கடிதம் விசாரிப்பதாகவே இருக்கட்டும். அடுத்த படிகளை மகனுடைய சம்மதத்தோடு எடுங்கள். உள்ளே இருப்பவர் அவர். எவ்வளவு தூரம் போவது என்பதில் அவருடைய சொல்லுக்கு மதிப்பு இருக்க வேண்டும்.

திருகோணமலைக்கு மாற்ற முடியுமா?

இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தின் பின்னால் இருக்கும் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். கைதிகளை இயன்றவரை வீட்டுக்கு அருகில் வைக்க வேண்டும் என்று மண்டேலா விதிகளில் 59 ஆவது விதி சொல்கிறது. திருகோணமலையிலும் சிறைச்சாலை இருக்கிறது. ஆயினும் வழக்கு அநுராதபுர மாவட்டத்தில் இருக்கும்வரை, ஒவ்வொரு தவணைக்கும் அவரை அங்குள்ள நீதிமன்றத்துக்கு முன்னிலைப்படுத்த வேண்டியிருப்பதால், இந்தக் கோரிக்கை ஏற்கப்படுவது கடினம். சட்டத்தரணி மூலம் கேட்டுப் பார்க்கலாம், நம்பியிருக்க வேண்டாம். விளக்கமறியல் உத்தரவு பொதுவாக 14 நாட்களுக்கு ஒருமுறை நீட்டிக்கப்படுகிறது. மகனை நேரில் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரும் தவணை எது என்று சட்டத்தரணியிடம் கேட்டு, மாதாந்தப் பயணத்தை அந்த நாளுக்கு வைத்துக்கொண்டால், வழக்கின் போக்கை அறிவதும் மகனைக் காண்பதும் ஒரே செலவில் முடியும்.

சட்டத்தரணிக்குப் பணம் கொடுக்க இயலாத நிலை வந்தால், 1978 இல் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குப் போங்கள். அடையாள அட்டை, வருமானத்தைக் காட்டும் கிராம உத்தியோகத்தரின் கடிதம், வழக்கிலக்கம், பதிவுத் தபால் பற்றுச்சீட்டு ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். அத்தியட்சகருக்கான கடிதத்தைச் சிங்களத்திலும் எழுதித் தர முடியுமா என்று அங்கேயே கேட்டுப் பாருங்கள்.